வெலிகாவைப் பேச வைத்தேன்

பல்கேரியாவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் வகுப்பை நிறுத்தியபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஐந்து வருடம் பாக்கி. அந்தச் சமயம் பார்த்துத்தான் அசென் வந்து கூப்பிட்டான். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். ஜெர்மனில் வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று கடைசிவரை பிடிபடாதவன். இப்போது மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து ஏஜென்சி நடத்திக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்ப் பெண்களை ஜெர்மனிக்கு அனுப்புவது தொழில். அங்கே வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"இலக்கணம் கிலக்கணம் எல்லாம் வேண்டாம் டீச்சர். வாயைத் திறக்கணும், அவ்வளவுதான்" என்றான். "மாத்திரை போட்டாச்சா, கால் வலிக்குதா, சூப்பு சூடா இருக்கான்னு கேக்கத் தெரிஞ்சா போதும். இவங்களுக்கு எல்லாமே தெரியும் டீச்சர். வாய்தான் வராது."

அவன் சொன்னது சரிதான். டிசம்பரில் முதல் வகுப்புக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள். பள்ளியில் ரஷ்ய மொழி படித்து, அதையும் மறந்துபோனவர்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெயரைக் கேட்டால் முகம் சிவந்தது. தங்கள் வாயிலிருந்து வேறு மொழி வருவதைக் காதால் கேட்கவே அவர்களுக்கு வெட்கம்.

இந்த வெட்கத்தை எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் அதோடுதான் மல்லுக்கு நின்றேன். என்னிடம் இருந்த மருந்து விளையாட்டு. ஒரு கம்பளி நூல்பந்து. யார் கைக்கு வருகிறதோ அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் அட்டைகள்; தான் யார் என்று மற்றவர்களைக் கேட்டுக் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். முதுகோடு முதுகு ஒட்டிய நாற்காலிகளில் உட்கார்ந்து டெலிபோன் பேசுவது. துணிப்பைக்குள் கையை விட்டு உள்ளே இருப்பது என்னவென்று சொல்வது. விளையாட்டு மும்முரத்தில் ஆள் தன்னை மறந்துவிடுவாள். மறந்த அந்த நொடியில் வார்த்தை வெளியே வந்து விழும். எத்தனையோ பிள்ளைகளை இப்படிப் பேச வைத்திருக்கிறேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

இரண்டு வாரத்தில் எட்டுப் பேர் வழிக்கு வந்துவிட்டார்கள். முதலில் வாய் திறந்தவள் பென்கா. இருபது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். சும்மா இருக்கத் தெரியாது. ஜெர்மன் தெரியாத இடத்தில் பல்கேரியனைப் போட்டு நிரப்பி, சத்தத்தை மட்டும் ஜெர்மன்காரியைப் போல வைத்துக்கொண்டு பேசினாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்த வாயைத் திறந்தபடியே வைத்திருக்கச் சொல்லி நான் பாடத்தை உள்ளே தள்ளிவிட்டேன்.

ஒன்பதாவது ஆள் வெலிகா.

நாற்பத்தெட்டு வயது. உயரமானவள், அகன்ற மணிக்கட்டு, துவைத்துத் துவைத்து நிறம் போன சாம்பல் ஸ்வெட்டர். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள். முதல் நாள் நூல்பந்து அவளிடம் வந்தது. பிடித்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ எழுந்துபோய் எடுக்கும்வரை அது அங்கேயே இருந்தது. அட்டை விளையாட்டில் நெற்றியில் 'டாக்டர்' என்று ஒட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஒருவர் காதில் ஒருவர் வாக்கியத்தைக் கிசுகிசுத்துக் கடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. வாக்கியம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வெலிகாவோடு செத்துப்போனது.

"நம்ம தெரு கேபிள் மாதிரிதான் டீச்சர்" என்றாள் பென்கா. "எங்கிருந்து இழுத்துட்டு வந்தாலும் வெலிகா வீட்டுக்கிட்ட கட்டாயிடுது."

வெலிகாவும் லேசாகச் சிரித்தாள். பேசவில்லை.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. அவள் நோட்டுப் புத்தகம். நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னால் ஒரு எழுத்துப் பிழை இருக்காது. பெயர்ச்சொற்களின் ஆண், பெண் பால் எல்லாம் சரியாக இருக்கும். ஆறு வாரத்தில் அந்த வகுப்பிலேயே அதிகம் கற்றவள் அவள்தான். இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டு ஒரு பெண் வாயே திறக்கவில்லை என்றால் கூச்சத்தைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? எனக்கு வேறு காரணம் தோன்றவே இல்லை.

பிப்ரவரியில் அசென் பொறுமை இழந்தான். "மாசக் கடைசிக்குள்ள அந்த அம்மா பேசலைன்னா வீட்டுக்கு அனுப்பிடறேன் டீச்சர். அந்த இடத்துக்கு வேற ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

"இன்னும் ரெண்டு வாரம் குடு" என்றேன்.

"எதுக்கு? கட்டையைக் கட்டிக்கிட்டு அழறீங்க."

"கட்டை இல்லடா. உனக்குத் தெரியாது. ரெண்டு வாரம் குடு, நான் பேச வைக்கிறேன்."

என் வாழ்க்கையின் கடைசிப் பெரிய வேலையாக அதை நினைத்துக்கொண்டேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்றும் நினைத்தேன்.

மார்ச் முதல் தேதி. காலையில் எல்லோரும் எங்கள் வசந்தகால வழக்கப்படி ஒருவர் கையில் ஒருவர் சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூலைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அறையில் கொஞ்சம் கலகலப்பு இருந்தது. அன்று ஒரு புது விளையாட்டு வைத்திருந்தேன். அசெனின் மடக்குக் கட்டிலை நடுவில் போட்டேன். ஒருத்தி நோயாளி, கட்டிலில் படுக்க வேண்டும். ஜெர்மனில் என்ன சொல்கிறார்களோ அதை மட்டும் செய்வாள். சொல்லாவிட்டால் மரக்கட்டை. மற்றவள் அவளை எழுப்பி உட்காரவைத்து, ஸ்வெட்டரின் ஒரு கையைக் கழற்ற வேண்டும்.

நோயாளி வேஷத்துக்குப் பென்கா தானாக முன்வந்தாள். தொண்ணூறு கிலோ. கண்ணை மூடி, நாக்கை ஓரமாகத் தள்ளிக்கொண்டு படுத்ததிலேயே பாதி வகுப்பு சரிந்தது. பார்த்துக்கொள்பவளாக நான் வெலிகாவைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து கட்டிலருகே நின்றாள். பேசவில்லை. பென்காவின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். தூக்கிய விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிப்போனது. ஒரு கை முதுகில், ஒரு கை முழங்காலுக்கு அடியில். தன் இடுப்பை முட்டுக்கொடுத்து ஒரே திருப்பில் அவ்வளவு பெரிய உடம்பை உட்காரவைத்தாள். பென்காவுக்குக் குறும்பு. 'உட்காரு' என்று யாரும் சொல்லவில்லையே! உடம்பைத் தளரவிட்டு மறுபக்கம் சாய்ந்தாள். கட்டில் பழசு. ஒரு கால் மடங்கியது. பென்கா நிஜமாகவே தலைகுப்புறப் போனாள்.

"பிடி! என்னைப் பிடிச்சுக்கோ! மெதுவா... கையை இங்க வை. நான் இருக்கேன், பயப்படாத. மூச்சு விடு. அப்படித்தான். நல்லா இருக்கு."

அத்தனையும் ஜெர்மன். தெளிவான, தாழ்ந்த குரலில், ஒரு இடறல் இல்லாமல். வெலிகா தரையில் மண்டியிட்டிருந்தாள். பென்காவின் தலை அவள் கையில் இருந்தது.

 பிறகு கைதட்டல். மருந்துக்கடைக்காரர் கீழிருந்து கூரையை இடித்தார். நான் ஓடிப்போய் வெலிகாவைக் கட்டிக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை; கட்டிக்கொண்டிருக்கும்போது முகம் தெரியாதே.

மறுநாள் பேக்கரி வாசலில் கிரிலைப் பார்த்தேன். வெலிகாவின் கணவன். ஆற்றுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். முதுகு போனதும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நல்ல மாதிரியான ஆள், நிதானம். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"உங்க மனைவிதான் என் வகுப்புலயே முதல்" என்றேன். கேட்காமலே சொன்னேன். சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "வெலிகாவா? ஒண்ணும் மண்டையில ஏறலைங்கறா டீச்சர். தெனமும் அதான் சொல்றா. அறுவது வயசுக்காரிகூடப் பேசிடுவா, நான் பேச மாட்டேன், என்னை விட்டுடுங்கன்னு."

"அதெல்லாம் அடக்கம். நேத்து வந்து கேட்டிருக்கணும் நீங்க. ஜெர்மன்காரி மாதிரி பேசினா."

"அப்படியா" என்றான். கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தான். "அப்படியா சேதி."

அந்த இரண்டாவது 'அப்படியா'வில் ஏதோ இருந்தது. எனக்குக் குளிர், நான் நடந்துவிட்டேன்.

அடுத்த வகுப்புக்கு வெலிகா தாமதமாக வந்தாள். கண் வீங்கியிருந்தது; அழுத வீக்கம்தான், வேறொன்றும் இல்லை. அன்று முதலில் தலையாட்டப் பழக்கினேன். நாங்கள் ஆமாம் என்பதற்குத் தலையை இருபுறமும் அசைப்போம், இல்லை என்பதற்கு மேலும் கீழும். அங்கே நேர்மாறு. தண்ணீர் தருவாயா என்று கிழவர் கேட்டு, இவள் தப்பாகத் தலையாட்டி வைத்தால் வம்பு. ஒன்பது பேரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பழகினார்கள். "இப்படியே பழகிட்டா ஊருக்கு வந்து எம்புருஷன் கேக்கறதுக்கெல்லாம் சரின்னு ஆட்டித் தொலைச்சிடுவேனே" என்றாள் பென்கா.

பிறகு மூன்று வாக்கிய விளையாட்டு. தன்னைப் பற்றி மூன்று சொல்ல வேண்டும். இரண்டு நிஜம், ஒன்று பொய். பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். யார் முதலில் என்று கேட்டதும் வெலிகா எழுந்து நின்றாள். யாரும் கூப்பிடாமல் அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"என் வீட்டுக் கதவு நீலக் கலர்" என்றாள் ஜெர்மனில். "என் மகள் நல்லா பாடுவாள். நான் ஜெர்மனிக்குப் போக விரும்பவில்லை."

எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். "மூணாவது! மூணாவது பொய்!" போக விருப்பம் இல்லாதவள் மூன்று மாதமாக இந்த மாடிப்படியை ஏன் ஏறப்போகிறாள்? பென்கா மேசையைத் தட்டி, "சுலபமா சொல்லிட்டியேடி, கொஞ்சம் கஷ்டமா வச்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

வெலிகா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்றாவது வாக்கியத்தில் 'இல்லை' என்கிற சொல்லை அவள் இடம் மாற்றி வைத்திருந்தாள். அதைத் திருத்தினேன். "இன்னொரு தடவை சொல்லு வெலிகா, சரியான இடத்துல வச்சு."

அவள் சரியான இடத்தில் வைத்துச் சொன்னாள். "நான் ஜெர்மனிக்குப் போக விரும்பவில்லை."

"அருமை" என்றேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு மாடிப்படியில் எனக்காக நின்றாள்.

"பென்கா தப்பா சொன்னா டீச்சர். எங்க வீட்டுக் கதவு பச்சை."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் ஒரு படி கீழே உட்கார்ந்தாள். எங்கள் மொழியில்கூட அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"எம்பொண்ணு நெலிக்கு இருபத்திரண்டு வயசு. புத்தி நாலு வயசுப் புள்ளையோடது. வலிப்பு வரும். வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி முகத்துல ஒரு மாற்றம் தெரியும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவரு நல்லவரு. ஆனா அவருக்குத் தெரியாது, தூங்கிடுவாரு. நான் வேண்டாம்னு சொன்னேன் டீச்சர். மூணு தடவை சொன்னேன். அவரும் அவரு தங்கச்சியும் பேசி முடிச்சிட்டாங்க. தங்கச்சி அங்கதான் இருக்கா, அவதான் வீடு பாத்து வச்சிருக்கா. சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. பாஷை வரலைன்னா அனுப்ப முடியாதுல்ல? அதான் பேசாம இருந்தேன். தொண்டை வரைக்கும் வரும். முழுங்கிடுவேன்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க. எப்படிச் சொல்றது?" என்றாள். "இப்ப ஒரு உதவி பண்ணுங்க. அன்னிக்கு ஏதோ வாய்தவறி வந்துடுச்சு, இவளுக்கு வராதுன்னு அசென்கிட்ட சொல்லிடுங்க."

அப்போதே எழுந்து மேலே போயிருக்க வேண்டும். அசென் உள்ளேதான் இருந்தான். அவன் போனில் பேசுவது காதில் விழுந்தது. நான் போகவில்லை. என்ன சொன்னேன் என்று அப்படியே சொல்லிவிடுகிறேன்.

"மூணு மாசம்தானே வெலிகா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். அப்புறம் மூணு மாசம் வீட்டுலதானே இருக்கப்போறே. கிரில் பாத்துக்குவார். உனக்கு எவ்வளவு நல்லா வருது தெரியுமா?"

அவள் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சரி டீச்சர்" என்று சொல்லி இறங்கிப்போனாள்.

அந்த வாரம் புதன்கிழமை அசெனிடம் போய், வெலிகா இன்னும் தயாராகவில்லை, அடுத்த குழுவோடு அனுப்பலாம் என்றேன். அவன் சிரித்தான்.

"நீங்கதானே டீச்சர் ஊர் பூரா முதல் முதல்னு சொல்லிட்டு வந்தீங்க? அவ புருஷன் தெனம் ரெண்டு தடவை போன் பண்றான். நாளைக்கு இன்டர்வியூ. அந்த வீட்டுக்காரருக்கு அவசரம், அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க."

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அசெனின் லேப்டாப்பில் ஒரு ஜெர்மன்காரர் தெரிந்தார். உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஐம்பது வயது இருக்கும். களைத்துப்போன, நல்ல முகம். வெலிகாவுக்கு ஒரு பக்கம் கிரில் உட்கார்ந்திருந்தான், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு. மறுபக்கம் அசென். நான் ஜன்னலோரம் நின்றேன்.

இனி அவளால் ஊமையாக இருக்க முடியாது. இருந்தால் அது வராததால் இல்லை, மாட்டேன் என்பதால் என்று கிரிலுக்குத் தெரிந்துவிடும். அதை அவனுக்குத் தெரிய வைத்தவள் நான்.

படுத்திருக்கும் ஆளைத் தூக்கத் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றாள். இரவில் எழுந்திருக்க முடியுமா? முடியும். எங்கள் அம்மா சில சமயம் கோபப்படுவார்கள், பொறுத்துக்கொள்வீர்களா? பொறுத்துக்கொள்வேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா?

அந்தக் கேள்விக்கு அவள் உடனே பதில் சொல்லவில்லை. அசென் தொண்டையைச் செருமினான். கிரிலுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் பேச்சு நின்றது தெரிந்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"சின்னப் பிள்ளைகள் இல்லை" என்றாள் வெலிகா.

கடைசியாக அவர் கேட்டார்: "உங்கள் சொந்த விருப்பத்தோடுதானே வருகிறீர்கள்? கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். போன தடவை வந்த பெண் தினமும் அழுதாள்."

வெலிகா வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், மேலும் கீழுமாக, இரண்டு தடவை.

எங்கள் வழக்கப்படி அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். அவர்கள் வழக்கப்படி 'ஆமாம்'. அவள் எந்த வழக்கப்படி ஆட்டினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரையில் இருந்தவர் நிம்மதியாகச் சிரித்தார். அசென் கட்டைவிரலை உயர்த்தினான். கிரில் குழம்பிப்போய் என்னைப் பார்த்தான்.

"சரின்னு சொல்லிட்டா" என்றேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அவள் கிளம்பினாள். என் வகுப்பிலிருந்து ஏழு பேர் போனார்கள். பென்கா போகவில்லை. அவளுடைய இன்டர்வியூவில் அந்த வீட்டுக்காரம்மாளையே பேச விடவில்லையாம்; இவ்வளவு வாயாடி எங்களுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். இரண்டு நாள் அழுதுவிட்டுப் பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கிரில் ஏழு வாரம் தாக்குப்பிடித்தான். குறை சொல்ல முடியாது. சமைத்தான், துவைத்தான், முதுகு ஒத்துழைக்காத நாளில் தரையிலேயே படுத்துக்கொண்டு மகளுக்குச் சோறு ஊட்டினான். ஜூன் தொடக்கத்தில் ஒரு மதியம் கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டான். நெலிக்கு அடுப்புப் பக்கத்தில் வலிப்பு வந்தது. முன்கையும் கழுத்தோரமும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் இவனைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அரசாங்கக் காப்பகத்தில் சேர்த்துக்கொள்வார்கள், பொறுப்பும் அவர்களுடையது என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பேக்கரி வாசலில் பென்காவைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். அவள்தான் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து வெலிகா எனக்கு போன் செய்தாள். "டீச்சர், நீங்க ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வர்றீங்களா? அவரு அழறாரே தவிர ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. நான் ஜூலையிலதான் வர முடியும். மாத்து ஆள் வரல."

காப்பகம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருந்தது. தாழ்வாரத்தில் குளோரின் நெடியும் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடையும். ஜன்னலைப் பார்த்தபடி பதினைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நெலி யார் என்று ஊழியப் பெண் காட்ட வேண்டியிருந்தது. தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். யாருடையதோ ஒரு பெரிய சட்டை. கையில் கட்டு. அம்மாவின் அதே அகன்ற மணிக்கட்டு.

"பாடுவாளாமே?" என்று கேட்டேன்.

"இங்க வந்து பாடல" என்றாள் ஊழியப் பெண். கெட்டவள் இல்லை; ஒருத்தியாக முப்பது பேரைப் பார்க்கிறாள். "மாத்திரை குடுக்கறோம்மா. வலிப்பு வரக்கூடாதுல்ல. அதுல அப்படித்தான் மந்தமா இருக்கும்."

நான் கொண்டுபோன சாக்லேட் வேஃபரை நெலியிடம் கொடுத்தேன். அவள் தின்னவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து வெலிகாவைக் கூப்பிட்டேன். நன்றாக இருக்கிறாள் என்றேன். காயம் ஆறி வருகிறது என்றேன். "முடியைக் கொஞ்சம் வெட்டியிருக்காங்க. வெயில் காலமாச்சே."

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

 பின்னால் ஒரு வயதான பெண்குரல் கூப்பிட்டது. வெலிகா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் பதில் சொன்னாள். "வந்துட்டேன், வந்துட்டேன், நான் பிடிச்சதுக்கப்புறம் காலை இறக்குங்க." துணைவாக்கியம், வினைச்சொல் கடைசியில், எல்லாம் அதனதன் இடத்தில். மகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தியின் வாக்கியத்தில் நான் வினைச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவள் நான்.

ஜூலையில் வந்தாள். நேராகக் காப்பகத்துக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். முடியாது என்றார்கள். அப்பா கையெழுத்துப் போட்டது போட்டதுதான். பொறுப்பைத் திரும்ப வாங்க கோர்ட்டுக்குப் போக வேண்டும், டாக்டர்கள் குழு பார்க்க வேண்டும், வீட்டில் நிரந்தரமாக ஆள் இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும். விடுமுறைக்கு என்று இரண்டு வாரம் வேண்டுமானால் அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கும் நாலு காகிதம்; எல்லாம் கைக்கு வரச் செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது.

வக்கீலைப் பார்க்க வெலிகாவோடு நானும் போனேன். ஒன்றரை வருடம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம் என்றார். வேலையை விட்டால் வக்கீலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. வேலைக்குப் போனால் வீட்டில் ஆள் இருப்பதாக அத்தாட்சி இல்லை. அவர் இதைச் சொல்லிவிட்டுத் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதாவது வழி இருக்குமே" என்றேன் நான். வெலிகா என் முழங்கையைத் தொட்டாள். "போலாம் டீச்சர். அவருக்கு அடுத்த ஆள் காத்திருக்காங்க."

அந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று பென்கா சொல்லித்தான் தெரியும். முதல் மூன்று நாள் நெலி அம்மாவிடம் வரவில்லை. சுவரோரமாக நின்றாள். தட்டில் வைத்த ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளித்தாள். நாலாம் நாள் வந்து அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாளாம். அதன் பிறகு விடவில்லை. கழிப்பறைக்குக்கூட ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டே போனாள். பதினான்காம் நாள் வெலிகாவே அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தாள். என்ன சொல்லி விட்டுவந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஜெர்மனி பஸ். என் புதுக் குழுவிலிருந்து மூன்று பெண்கள் அதே பஸ்ஸில் போனார்கள். அவர்களை வழியனுப்ப நானும் நிலையத்துக்குப் போயிருந்தேன். வெலிகா அந்த மூன்று பேரிடம் பேசிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, எல்லையில் எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும், எந்த டிரைவரிடம் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். அவர்கள் பயந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நல்லா சொல்லிக்குடுத்தீங்க டீச்சர்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. "மத்தவங்க சொன்னதையே நாலு தடவை சொல்ல வேண்டியிருக்காம். நான் ஒரு தடவை சொன்னா அங்க புரிஞ்சுடுது."

மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்துத்தான் காலையில் கிளம்பியிருந்தேன். எனக்கு வாய் வரவில்லை. அவள் என் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

பஸ் தானியக் கிடங்கைத் தாண்டித் திரும்பும்வரை கிரில் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"மணி என்ன டீச்சர்?"

"ஒம்போதரை."

"இன்னும் முழு நாளும் கெடக்கே" என்றான்.